விலைப்புள்ளி மடல்கள் ஸ்பேமுக்குப் போனதன் காரணம்

என் அச்சகத்திலிருந்து அனுப்பிய விலைப்புள்ளி மடல்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டியில் விழுந்ததால், கேட்டதற்குப் பதில் சொல்லாதவர் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. கடவுச்சொல்லை மாற்றியும், இணைப்புகளை நீக்கியும், வாசகத்தைத் திருத்தியும் நான்கு நாட்கள் வீணாயின. பிறகு என் ஜிமெயில் முகவரிக்கே ஒரு மடல் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்தபோது எஸ்பிஎஃப் சோதனையில் (ஒரு டொமைனின், அதாவது இணையப் பெயரின், சார்பில் எந்தச் சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்று பார்க்கும் சோதனை) 'பெர்ம்எரர்', அதாவது பதிவிலேயே நிரந்தரப் பிழை, என்றிருந்தது. என் டொமைனின் விவரங்களைப் பதிந்து வைக்கும் டிஎன்எஸ் அமைப்பில், அந்த அனுமதிப் பட்டியலைத் தரும் எஸ்பிஎஃப் பதிவுகள் இரண்டு இருந்தன. இரண்டாவது, செய்திமடல் சேவைக்காக நானே பின்னர் சேர்த்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் பிழையற்றவை என்பதால்தான் கண்ணில் படவில்லை. ஆனால் ஒரு டொமைனுக்கு அத்தகைய பதிவு ஒன்றுதான் இருக்கலாம் என்பது 2014-இல் வெளியான ஆர்எஃப்சி 7208 என்ற இணையத் தர ஆவணத்தின் விதி. இரண்டாவதிலிருந்த, செய்திமடல் சேவைக்கு அனுமதி தரும் 'இன்க்ளூட்' பகுதியை முதலாவதில் சேர்த்துவிட்டு, இரண்டாவதை அழித்தேன். பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் 3600 விநாடிகள் என்பதால் ஒரு மணி நேரம் கழித்து அனுப்பிய மடல் நேராக இன்பாக்ஸுக்கே சென்றது.