அப்புச்சி வீட்டு வாசக்காலில் ஒரு பெயர்ப்பலகை

வாரம் முழுக்கத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு எம்பிராய்டரி டிசைன் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பல்லடம் பக்கம் எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீட்டுத் திண்ணையில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் எழுத்துச் செதுக்கும் சிஎன்சி ரவுட்டரோடு உட்கார்ந்துவிடுவேன். 3018 என்று விற்கிற சின்ன மெஷின்தான். 30-க்கு 18 சென்டிமீட்டர் இடம். பெயர்ப்பலகைக்கு அது தாராளம்.

மரம் வாங்கும்போது இடித்த வீட்டுத் தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். பல வருசம் காய்ந்த மரம், இனிமேல் அவ்வளவாக வளையாது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டை இடித்தபோது வாசக்காலை எடுத்து வந்து, மர மில்லில் முக்கால் இஞ்ச் பலகையாக அறுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் பழைய மரத்தில் ஆணி இருக்கும். முதல் பலகையில் "டிக்" என்று ஒரு சத்தம். மரத்தை வெட்டும் பிட்டின் முனை போயே போய்விட்டது. உள்ளே தலை ஒடிந்த ஆணி. இப்போதெல்லாம் சின்னக் காந்தத்தை நூலில் கட்டி, பலகை மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவதில்லை.

பலகையில் 'பண்ணையம்' என்று எழுத ஆசைப்பட்டேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தடித்த எழுத்துருவில் அடித்து, உடனே பாத்தாக, அதாவது வெறும் கோட்டு உருவமாக, மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழில் கவனம் வேண்டியது சுழி. 'ண' வெட்டும்போது சுழிகளுக்குள் சின்னத் தீவாக மரம் நிற்கும். அது 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தெறித்துவிடும், எழுத்தைப் பெரிதாக்குங்கள். புள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம். 'V' போலக் கூர்ந்த முனை கொண்ட வி-பிட் அதை அழகான கூம்புக் குழியாக எடுத்துவிடும்.

முனைக் கோணம் 90 டிகிரி உள்ள வி-பிட்டில் ஆழம் கோட்டின் அகலத்தில் பாதி. 8 மில்லி கோட்டுக்கு 4 மில்லி ஆழம். 60 டிகிரி என்றால் அதே கோட்டுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லி இறங்கும். சின்ன மெஷினுக்கு 90-தான் என் தேர்வு. பலகையின் முகம் சமமாக இருக்கட்டும். அரை மில்லி மேடு இருந்தால்கூட அந்த இடத்தில் எழுத்து 1 மில்லி தடித்துவிடும்.

பலகையை நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இசட் ஜீரோவுக்கு, அதாவது மெஷின் ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடத்துக்கு, பில் தாள் ஒன்றை வைத்து, முனை தாளைப் பிடிக்கும்வரை மெதுவாக இறக்குங்கள். பிறகு எக்ஸ், ஒய் ஜீரோ (நீள, அகல அளவுகளின் தொடக்கம்) வைத்த இடத்தில், வெட்டி எறியப்போகும் ஓரமாகப் பார்த்து, 1 மில்லி ஆழத்துக்கு ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்? போனால் மெஷினுக்கு நின்ற இடம் மறந்துவிடும். கரண்ட் வந்ததும் முனையை அதே துளையில் நிறுத்தி ஜீரோ வைத்து, தாளால் இசட்டையும் பார்த்து, முதலிலிருந்து ஓட்டுங்கள். வெட்டிய பள்ளத்திலேயே போய், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். 'ம்' பாதியில் நின்ற பலகையை இப்படித்தான் காப்பாற்றினேன்.

பிட் ஒருமுறை ஓடி வருவதற்கு அரை மில்லி ஆழம், நிமிடத்துக்கு 400 மில்லிமீட்டர் வேகம் என்று தொடங்குங்கள். மிச்சத்தைத் தூள் சொல்லும். ரவை மாதிரி விழுந்தால் சரி. மாவாகப் பறந்து கருகல் வாசமும் வந்தால் பிட் வெட்டாமல் தேய்க்கிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தேக்குத் தூசி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பள்ளத்தில் நிற்கும் நாரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பெயின்ட் அடிப்பதென்றால் முதலில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர். இல்லாவிட்டால் நிறம் மர ரேகை வழியே ஊறிவிடும். காய்ந்ததும் 220 உப்புத்தாளால் ரேகையோடு தேய்த்தால் மேலே வழிந்த பெயின்ட் போய், எழுத்து மட்டும் நிற்கும். கடைசியில் ஆளி விதை எண்ணெய், மெல்லிசாக. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் கிணற்று மேட்டில் விரித்துக் காயப்போட்ட பிறகுதான் திண்ணையைக் கூட்டுவேன்.