ஓலை, விதை, சிப்பி: இயற்கைப் பொருள்களைக் கொண்டு கைவினை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணிலும் மரத்திலும் கிடைத்த பொருளை எடுத்தவுடன் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவதுதான், புதிதாகக் கைவினை செய்வோரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. அன்று வெட்டிய ஓலையிலும் அன்று பொறுக்கிய காயிலும் நீர் இருக்கிறது. அது வற்றினால் பொருள் சுருங்கும், உள்ளேயே தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பனையோலையில் இதைத் தெளிவாகக் காணலாம். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்துகொண்டு, முடைவதற்குச் சற்று முன்னர் நனைத்துக்கொள்ள வேண்டும். பச்சையாகவோ சொட்டச் சொட்ட ஊறிய நிலையிலோ முடைந்தால், எவ்வளவு இறுக்கிப் பின்னியிருந்தாலும் காய்ந்ததும் இழைகளுக்கிடையே சந்து விழும். நனைக்காமல் முடைந்தாலோ மடிக்கும் இடத்தில் ஓலை வெடிக்கும். ஒடியாமல் வளையும் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். பனைக்குப் புது ஓலை துளிர்க்கும் வளர்முனை ஒன்றுதான் என்பதால், ஒரே மரத்தில் குருத்துகளை அளவுக்கு மீறி வெட்டுவதும் கூடாது.

உலராத மரத்துண்டின் மேல் வார்னிஷ் பூசுவதும் இத்தகைய தவறே. அடியிலுள்ள ஈரம் பூச்சை வெளுக்கச் செய்து உரித்துவிடும்.

விதைகளில் பெரிதும் அஞ்ச வேண்டியது குன்றிமணி. பொன் நிறுக்கப் பயன்பட்டதும், களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கப்படுவதும் ஆன அந்த அழகிய விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. தோல் கடினமானது என்பதால், உடையாத விதையை விழுங்கினால் நஞ்சு வெளிப்படாமலே கழிந்துவிடுவதுண்டு. ஆனால் மாலை கோக்கத் துளையிட்டதும் அந்தக் காப்பு போய்விடுகிறது. அத்தகைய மணியைக் குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. துளையிடுபவரின் கண்ணிலும் மூச்சிலும் அதன் தூள் படுவதும் தீங்கானது. ஆமணக்கு, மஞ்சள் அரளி விதைகளையும் இந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். சிவப்பு மணிதான் வேண்டுமென்றால், கருந்திட்டு இல்லாத ஆனைக்குன்றிமணியில் அப்ரின் இல்லை. ஆயினும் அதையும் குழந்தைகளின் வாய்க்கு எட்டாமல் வைப்பதே முறை.

கடற்கரையில் கிடப்பதெல்லாம் நமக்குரியது என்று கருதுவது இன்னொரு தவறு. பாறை உருவாக்கும் பவளங்கள், கடல்விசிறி, கடற்குதிரை, சில சங்கு, சிப்பி இனங்கள் ஆகியவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டன. இறந்து கரையொதுங்கிய பவளத் துண்டும் இதற்கு விலக்கல்ல. அனுமதிக்கப்பட்ட கிளிஞ்சலையும் திருப்பிப் பார்த்தே எடுக்க வேண்டும், ஏனெனில் வெறுங்கூடு போலத் தோன்றுவதற்குள் துறவி நண்டு குடியிருக்கக்கூடும். வீட்டில் கழுவும்போது எலுமிச்சைச் சாறும் வினிகரும் வேண்டாம். ஓடு சுண்ணாம்பால் ஆனது, அமிலம் அதைக் கரைத்து மினுமினுப்பைக் கெடுத்துவிடும். சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும்.