ஊர்க் குட்டையை ஊரே தூர்வார: வேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு வழிமுறை

குட்டையைத் தூர்வாரலாம் என்று பேச்சு எழுந்ததுமே ஜேசிபிக்குச் சொல்லிவிடுகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். முதலில் கையில் இருக்க வேண்டியவை அ-பதிவேடும் (ஊரின் நில விவரப் பதிவேடு) புல வரைபடமும். சர்வே எண், பரப்பு, ‘குட்டைப் புறம்போக்கு’ என்ற வகைப்பாடு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். குட்டையும் ஊருணியும் ஊராட்சியின் பொறுப்பு. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. இது தெரியாமல் மனு கொடுத்தால் அது மேசைக்கு மேசை அலையும். எல்லையில் ஆக்கிரமிப்பு இருந்தால் தாசில்தாரிடம் மனு கொடுத்து சர்வேயரை அளக்க வையுங்கள். நீங்களே வேலியைப் பிடுங்கப் போனால் குட்டை வேலை நின்று, வழக்கு மட்டும்தான் நடக்கும்.

அடுத்து, குட்டையை விட்டுவிட்டு வரத்துக் கால்வாயைக் கடைசி வரை நடந்து பாருங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளுக்குத் தண்ணீர் குறைவில்லை. ஆனால் வழியில் ஒரு ரோட்டுக் குழாய் மண் மூடிக் கிடக்கும், அல்லது ஒருவர் வரப்பை நகர்த்தியிருப்பார். கால்வாயைத் திறக்காமல் குட்டையை மட்டும் ஆழப்படுத்தினால் அது வெறும் பள்ளம். பணம் குறைவாக இருந்தால் தூர்வாருவதைப் பாதியாக்குங்கள், கால்வாயை முழுதாகச் செய்யுங்கள்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அக்டோபர் 2 தான் இந்த வேலைக்குத் தோதானது. அதில் தீர்மானம் போட்டால் மதிப்பீடும் அனுமதியும் முடிந்து பங்குனியில் மண் வெட்டலாம். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகவே பெய்வதால், ஆனிக்குத் தள்ளிப்போட்டால் சேற்றில் இயந்திரத்தை இறக்க முடியாது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானத்தில் சர்வே எண், வேலையின் பெயர், மக்கள் பங்கு, பிற்பாடு பராமரிப்பது யார் என்ற நான்கும் இருக்கட்டும். கையெழுத்திட்ட நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.

மக்களும் அரசும் சேர்ந்து செலவைப் பகிரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிக்கு ஐந்தில் ஒரு பங்கு. நடப்பாண்டு நெறிமுறையை பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டு வாசித்துவிட்டு மனு எழுதுங்கள். உழைப்பையும் டிராக்டரையும் பங்குத்தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். பங்கைப் பணமாகவே சேர்க்கத் திட்டமிடுங்கள்.

பணம் சேர்ப்பதில்தான் ஊர் ஒன்றாகும், அல்லது இரண்டாகும். 6 லட்சம் மதிப்பீடு என்றால் ஊர்ப் பங்கு 2 லட்சம். வெளியூரில் வசதியாக இருக்கும் ஒருவரே அதை முழுதாகத் தர முன்வரலாம். வாங்காதீர்கள், குறைந்தபட்சம் முதலில் வாங்காதீர்கள். ஒருவர் பணத்தில் வெட்டிய குட்டையில் குப்பை விழுந்தால் அவர்தான் வந்து எடுக்க வேண்டும் என்று ஊர் நினைக்கும். 200 வீடு, வீட்டுக்கு 300 ரூபாய் என்றால் 60,000. பாசனம் பெறும் 40 ஏக்கருக்கு ஏக்கருக்கு 1,000 என்றால் இன்னொரு 40,000. இந்த ஒரு லட்சம் கணக்கில் ஏறிய பிறகு, மீதிக்குப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போன் போடுங்கள். வசூலுக்குச் சரியான நேரம் தை அறுவடை முடிந்த கையோடு. திருவிழாவுக்கு வரி போடுகிற பழக்கம் இருக்கிற ஊரில் அதே நோட்டை எடுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் அந்த நோட்டில் எல்லாத் தெருவும் இருக்காது. விட்டுப்போன தெருவிலிருந்து குழுவுக்கு ஆள் எடுத்த பிறகே வசூலைத் தொடங்குங்கள். வரி வாங்காத தெருவுக்குத் தண்ணீரில் உரிமை இல்லை என்று பின்னால் யாரும் பேச இடம் வைக்கக் கூடாது.

வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது அப்படியில்லை. அதற்கு மத்திய அரசின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ அனுமதியோ வேண்டும்.

வங்கிக் கணக்கு மூன்று பேர் பெயரில், இரண்டு கையெழுத்தில் இயங்கட்டும். மூவரில் ஒருவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. க்யூஆர் கோடு அந்தக் கணக்குடையதாகவே இருக்க வேண்டும், யாருடைய சொந்த ஜிபேயும் வேண்டாம். ரசீதுக்கு எண் இருக்கட்டும். வரவு செலவை வாரந்தோறும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பட்டியலைத் தொகை வரிசையில் போடாமல் கதவு எண் வரிசையில் போடுங்கள். 100 ரூபாய் கொடுத்த பாட்டி தன் பெயரைத் தேடிக் கீழே குனிய வேண்டாம்.

மண் கணக்கு எளிது. 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 1,500 கனமீட்டர். ஒரு டிராக்டருக்கு 3 கனமீட்டர் வீதம் 500 நடை. வண்டலை விவசாயிகள் தாசில்தார் அனுமதியுடன் இலவசமாக எடுக்கலாம். நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்தால் மண் அள்ளும் செலவு பெருமளவு குறையும். ஒவ்வொரு நடையையும் நோட்டில் எழுத இருவரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரவில் மண் செங்கல் சூளைக்குப் போய்விடும். பேரணாம்பட்டு போல தோல் பதனிடும் தொழில் உள்ள இடங்களில் வண்டலில் குரோமியம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் வயலில் கொட்ட வேண்டும். வழக்கமான மண் பரிசோதனையில் அது தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும்.

வேலிகாத்தானை (சீமைக் கருவேலம்) வெட்டினால் போதாது, தூரோடு ஓரடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்க வேண்டும். தரையடியில் நிற்கும் தூர் அடுத்த மழைக்கே துளிர்க்கும். கரையின் அடியை ஒட்டி வெட்டாதீர்கள், கரை சரியும். உள்சரிவு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டராவது படுக்கட்டும். களிமண் அடுக்கைத் துளைத்து மணலுக்குப் போனால் நீர் நிற்காது, கிணறுகளுக்கு ஊற்றாகப் போகும். எது வேண்டும் என்று ஊர் முதலிலேயே முடிவு செய்யட்டும். கால்வாய் குட்டைக்குள் இறங்கும் இடத்துக்கு முன் இரண்டு மீட்டர் சதுரத்தில், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் பிடிக்கும் குழி ஒன்று வெட்டுங்கள். கோடியின் (மிகுநீர் வழிந்து வெளியேறும் இடம்) மட்டத்தை மட்டும் யார் சொன்னாலும் உயர்த்தாதீர்கள். பெருமழையில் தண்ணீர் போக வழியில்லாமல் கரையே உடைந்துபோகும்.

வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்றால் 200 வீட்டுக்கு ஆண்டுக்கு 48,000. வைகாசியில் அந்த வண்டல் குழியை அள்ளவும், கால்வாயைச் செதுக்கவும், கரையில் முளைத்த வேலிகாத்தான் கன்றைப் பிடுங்கவும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆவணியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பொறுக்கி, கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்ற அந்தப் பணமும் வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் போதும்.