ஓயாமல் திறந்து மூடிய காற்று வால்வு: என் அனுபவம்

காரைக்குடியில் நாங்கள் திருமணங்களுக்கு வாடகைக்கு விடும் வேனின் பின்னச்சில் காற்றுப் பை சஸ்பென்ஷனைப் பொருத்தி, அதன் உயரத்தைச் சீர்செய்யும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் நானே அமைத்திருந்தேன். கானாடுகாத்தான் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையிலும், பைக்குள் காற்றை ஏற்றி இறக்கும் வால்வு திறந்து மூடியது. கம்ப்ரஸர் ஓயவே இல்லை. "தம்பி, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள குடலைப் பிரட்டுதே" என்றார், சீர்ப் பாத்திரங்களை மடியில் இறுகப் பிடித்திருந்த ஆச்சி ஒருவர்.

வால்வைச் சந்தேகித்து மாற்றியது வீண்செலவு. பிழை என் கணக்கில் இருந்தது. பைக்குள் காற்றின் கன அளவு குறையும்போது அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லும் சூத்திரத்தில் ஓர் அடுக்கெண் உண்டு. காற்று மெதுவாக அழுந்தும்போது மட்டுமே பொருந்தும் 1-ஐ, வேகமான குலுக்கலுக்கும் அதன் மதிப்பாக வைத்திருந்தேன். வெப்பம் வெளியேற அங்கே நேரமில்லாததால் அது 1.4-ஐ நெருங்கும். எனவே பையின் விறைப்பு நான் எண்ணியதைவிடக் கூடுதலாக இருந்தது; அந்தக் கணக்கை நம்பி வாங்கிய ஷாக் அப்சார்பர்களுக்குக் குலுக்கலைத் தணிக்கும் வலு போதவில்லை.

அதைவிடப் பெரிய தவறு, சக்கரத்தின் ஒவ்வொரு துள்ளலையும் சுமை மாறியதாக நிரல் எடுத்துக்கொண்டதுதான். உயர சென்சாரின் அளவை 8 விநாடிகளுக்குச் சராசரியாக்கி, 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விலகலைப் புறக்கணிக்கச் செய்தேன். வலுவான ஷாக் அப்சார்பர்களையும் பொருத்தினேன். இப்போது ஆட்கள் ஏறி இறங்கும்போது மட்டுமே வால்வின் சீறல் கேட்கிறது.