நல்லூர் புளியந்தோப்பு: சாய்ந்து கிடக்கும் மரத்தில் உட்காராதீர்கள்

பெங்களூரில் பழைய பெரிய மரம் என்றதும் பலரும் கெங்கேரிப் பக்கம் உள்ள தொட்ட ஆலத மரத்துக்குத்தான் (பெரிய ஆலமரம்) கிளம்புகிறார்கள். தேவனஹள்ளி வட்டத்து நல்லூர் புளியந்தோப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 54 ஏக்கர், ஏறத்தாழ 300 மரங்கள். நாட்டிலேயே முதன்முதலாக, 2007-இல், பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம் இது. சோழர் காலத்துத் தோப்பு என்ற நம்பிக்கையும் உண்டு.

பெங்களூரின் மைய பஸ் நிலையமான மெஜஸ்டிக்கிலிருந்து தேவனஹள்ளிக்குப் பஸ் நிறைய இருக்கிறது. அங்கிருந்து சுலிபெலெ சாலை. வழி கேட்கும்போது 'புளியந்தோப்பு' என்றால் விழிப்பார்கள், கன்னடத்தில் 'ஹுணசே தோப்பு எல்லி?' (புளியந்தோப்பு எங்கே?) என்று கேளுங்கள். தண்ணீர், டிபன், கழிவறை எல்லாவற்றையும் தேவனஹள்ளியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. தோப்பின் கேட் பூட்டியிருந்தால் வேலி தாண்ட வேண்டாம், ஊரில் விசாரியுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து நிற்கும் மரங்கள்தான் கண்ணை இழுக்கும். ஆனால் இந்தத் தோப்பின் அதிசயம் தரையில் கிடக்கிறது. வேரோடு சாய்ந்த மரம் இங்கே சாவதில்லை. படுத்த அடிமரத்தின் முதுகிலிருந்து வரிசையாகக் கிளைகள் செங்குத்தாகக் கிளம்பி, கை விரல்களைப் போல நிற்கும். அவையே காலப்போக்கில் மரமாகின்றன. விதையிலிருந்தும், வெட்டுண்ட அடிக்கட்டையிலிருந்தும் கூட இங்கே மரங்கள் துளிர்க்கின்றன. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். பட்டுப்போன கட்டை என்று நினைத்து அதில் உட்காருகிறார்கள், குழந்தையை ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். பட்டைக்கு அடியில் வெளிவரக் காத்திருக்கும் குருத்து செருப்பு மிதியில் நசுங்கிவிடும். இரண்டடி தள்ளி நின்றே பாருங்கள். அடிமரத்தை ஒட்டிய மண்ணையும் தேவையில்லாமல் மிதிக்காதீர்கள். நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும், மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றும் நீரும் போகாது. பொந்துக்குள் கை விடவே கூடாது: பாம்பு, தேனீ, ஆந்தை எது வேண்டுமானாலும் குடியிருக்கலாம். காற்று பலமாக வீசினால் கிளைக்கு அடியிலிருந்து விலகிவிடுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் மரத்தின் சுற்றளவு எடுக்க ஆசையா? தையல்காரர் டேப் ஒன்றரை மீட்டர்தான், பத்தாது. 10 மீட்டர் பருத்திக் கயிறு கொண்டுபோங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் கயிற்றைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் குறியிட்டு, கழற்றிய பின் அதுவரையுள்ள நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில் முண்டு இருந்தால் அதற்குக் கீழே ஒடுங்கிய இடத்தில் எடுத்து, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 3.14-ஆல் வகுத்தால் விட்டம். வயதை மட்டும் இதிலிருந்து கணக்கிடாதீர்கள். பல துளிர்கள் ஒட்டி ஒரே மரமாகப் பருத்திருக்கலாம். நடு பொந்தாகிப்போன மரத்தில் எண்ணுவதற்கு வளையமும் இராது.

பிப்ரவரி, மார்ச்சில் போனால் பழுத்த காய்களைப் பார்க்கலாம். ஒரு மரத்தின் காய் அரிவாள் போல வளைந்திருக்கும், அடுத்த மரத்தினுடையது குட்டையாக, நேராக இருக்கும். அத்தனை வகை! உதிர்ந்த ஒன்றைக் காதருகே ஆட்டுங்கள். ஓடும் பழமும் ஒட்டாமல் கடகடத்தால் பழுத்துவிட்டது. பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வையுங்கள். ஒரு வருடம் காய்த்துக் குலுங்கிய மரம் அடுத்த வருடம் காய் குறைந்து நிற்கலாம். அதைப் பார்த்து நோய் என்று கவலைப்பட வேண்டாம், புளிக்கு இது இயல்பு.

கிளம்பும் முன் அளந்த கயிற்றை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.