பெயர் ஊருக்குக் கேட்கட்டும், புள்ளடி உங்களுக்கு மட்டும்

முதன்முறை வாக்களிக்கப் போகும் பிள்ளைகளும், பல தேர்தல்களைக் கண்ட ஆச்சிமாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வாக்களிப்பு நிலையத்தில் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்களே, பிறகு என்ன இரகசியம்?" இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னியில் இது வீண் பயமல்ல. பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஆகவே வீட்டுப் படலையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், வாக்காளர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேளுங்கள். இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய குடும்பங்களில் அப்பாவின் பெயர் ஓர் ஊரிலும் மகளின் பெயர் வேறோர் ஊரிலும் இருப்பதுண்டு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது.

அடுத்தது அடையாளம். தபாலில் வரும் வாக்காளர் அட்டை உங்கள் நிலையத்தையும் இலக்கத்தையும் சொல்லும், அவ்வளவுதான். அது வராவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். கையில் கட்டாயம் இருக்க வேண்டியது தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அடையாள அட்டை போன்றவற்றில் ஒன்று. எதுவுமே இல்லாதவர்கள் விதானையார் மூலம் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு இறுதித் திகதி உண்டு. கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி 2009இல், போரின் கடைசி நாட்களில், பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக் கொண்டுவந்த அட்டையைத்தான் இன்றும் வைத்திருக்கிறார். ஈரம் புகுந்து படத்தில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டுமே தெரிகின்றன. இப்படிப்பட்ட அட்டையை நம்பிப் போகாமல் முன்கூட்டியே மாற்றுவழி செய்யுங்கள்.

நிலையத்துக்குள் அலுவலர் அட்டையைப் பார்த்து உங்கள் இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசிப்பார். அங்கிருக்கும் கட்சி முகவர்களுக்குக் கேட்கத்தான் அது. ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்தால் அவர்கள் அந்த இடத்திலேயே ஆட்சேபிக்கலாம். அவர்கள் தங்கள் பட்டியலில் கீறுவது நீங்கள் வந்தீர்கள் என்பதை மட்டுமே. முகத்தை மூடியிருந்தால் காட்டச் சொல்வார்கள். பிறகு விரலில் மை. வழக்கமாக இடது கைச் சின்னவிரல். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில், செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சின்னவிரலில் பூசிய மை அழியாதிருக்கும் என்பதால் ஆட்காட்டி விரலில் பூசினார்கள்.

உங்கள் பெயரில் ஏற்கனவே யாரோ வாக்களித்திருந்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். உறுதிமொழி பெற்று வேறொரு சீட்டுத் தருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அது பெட்டிக்குள் போகாமல் தனியாக வைக்கப்படும்.

வாக்குச்சீட்டை வாங்கியதும் மறைப்புக்குள் தனியே போங்கள். கணவர், மாமியார், கட்சிக்காரர் எவருக்கும் அங்கே இடமில்லை. பார்வையில்லாதவர்களும் உடல் இயலாதவர்களும் மட்டும் உரிய சான்றிதழுடன் ஒரு துணையை அழைத்துச் செல்லலாம். தொலைபேசியில் படம் எடுப்பது குற்றம். "படம் எடுத்துக் காட்டு" என்று யாராவது கேட்டிருந்தால், முடியாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சீட்டில் பெயரோ கையொப்பமோ "நன்றி" என்ற ஒரு சொல்லோகூட எழுதாதீர்கள். உங்களை அடையாளம் காட்டும் குறி இருந்தால் வாக்கு நிராகரிக்கப்படும். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்: நீங்களே விரும்பினாலும் உங்களைக் காட்டிக்கொள்ள முடியாது.

மடிப்பதையும் வீட்டில் ஒரு தாளில் பழகுங்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், சீட்டின் நீளம் 26 அங்குலம். மறைப்புக்குள் நின்றபடியே, நீங்கள் போட்ட புள்ளடி (X அடையாளம்) உள்ளே போகும்படி பாதியாக, மறுபடியும் பாதியாக மடித்த பின்னரே வெளியே வந்து பெட்டியில் போடுங்கள்.

வாசலில் மாமா நின்று "யாருக்குப் பிள்ளை போட்டாய்?" என்று கேட்டால், மை பூசிய விரலைக் காட்டி, "போட்டுவிட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.