அரசு மானியத்தில் மாடித்தோட்டம்: விண்ணப்பம் முதல் விதைப்பு வரை

வீட்டுத் தோட்டத்துக்குத் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை தரும் மானியம் பணமாகக் கைக்கு வராது, பொருளாகத்தான் வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை (பை, விதை, உரம் அடங்கிய தொகுப்பு) 225 ரூபாய்க்குக் கிடைத்தது. 12 வகைக் காய்கறி விதைகள் 15 ரூபாய். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி உள்ளிட்ட 8 செடிகள் 25 ரூபாய். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் 6 வகைக் காய்கறி விதைகளும் பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் முழு மானியத்தில், அதாவது இலவசமாகவே அறிவிக்கப்பட்டன. திட்டத்தின் பெயரும் விலையும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய செய்தியை நம்பிக் கிளம்பாமல், இந்த ஆண்டு என்ன தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: இடத்தைப் பாருங்கள்

காய்கறிக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நனைந்த பை ஒவ்வொன்றும் பத்துக் கிலோவைத் தாண்டும் என்பதால், தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல் மீது வரிசையாக வையுங்கள். தண்ணீர் வழிந்தோட வழி இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படி 2: விண்ணப்பம்

தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலோ உழவன் செயலியிலோ திட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம். ஆதார் அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், செல்பேசி எண் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா எல்லாம் மாடித்தோட்டத்துக்குத் தேவையில்லை. இடைத்தரகரும் தேவையில்லை, 'நான் வாங்கித் தருகிறேன்' என்று வருகிறவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். ஒதுக்கீடு தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான், எனவே அறிவிப்பு வந்த உடனே பதிவுசெய்யுங்கள்.

படி 3: தளையைப் பிரித்துச் சரிபாருங்கள்

வழக்கமான மாடித்தோட்டத் தளையில் 6 செடி வளர்ப்புப் பைகள், தலா 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகை விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நோய்த் தடுப்புப் பூஞ்சை ஆகியவை தலா 200 கிராம், 100 மில்லி வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டி, ஒரு கையேடு ஆகியவை இருக்கும். விதைப் பொட்டலத்திலும் உயிர் உரத்திலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். உயிர் உரத்தில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். வெயிலில் போட்டு வைத்தால் செத்துப்போகும்.

படி 4: ஊடகம் (செடி வளரும் கலவை) தயாரித்தல்

பலருடைய மாடித்தோட்டம் படுத்துவிடுவது இங்கேதான். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் செடிக்குச் சோறு போடாது. தளையில் எருவும் இல்லை. எருவை உங்கள் செலவில்தான் வாங்க வேண்டும், அந்தக் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டியை ஒரு பெரிய தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் ஊறி உதிரும். அதில் உப்பு இருக்கலாம். நீரை வடித்துவிட்டு இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். பிறகு அதனுடன் மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரத்தையும், கிடைத்தால் செம்மண்ணையும் கலக்குங்கள். மூன்றும் சம அளவு என்பது நல்ல தொடக்கம். பச்சைச் சாணம் வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். உயிர் உரங்களில் சிறிதளவை எருவில் கலந்து தூவுங்கள்; இவற்றுடன் ரசாயன உரத்தைச் சேர்க்காதீர்கள். பையின் வாயிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் அப்படியே விடுங்கள்.

படி 5: விதைப்பு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். தை மாதமும் நல்ல பருவம். சித்திரை வெயிலில் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றை நேரடியாகப் பையிலேயே விதைக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைச் சிறு தட்டில் நாற்றுவிட்டு, நாலைந்து வாரத்தில் மாலை வேளையில் பிடுங்கி நடுங்கள். பைக்கு ஒரு செடி போதும். முதல் முறை என்றால் ஒரு பையைக் கீரைக்கு ஒதுக்குங்கள். ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம், ஆர்வமும் குறையாது.

படி 6: பராமரிப்பு

விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரமிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடுங்கள். தளையில் வரும் பூச்சிவிரட்டியைப் பாட்டிலில் குறிப்பிட்டுள்ள அளவில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மாவுப்பூச்சி அங்கேதான் பதுங்கும். காய்ப்பு ஓய்ந்ததும் ஊடகத்தைக் கொட்டிவிடாதீர்கள். வேர்களை நீக்கி, வெயிலில் உலர்த்தி, புது எரு சேர்த்தால் அடுத்த பட்டத்துக்கும் அதையே பயன்படுத்தலாம்.